இரண்டாவது பொட்டலம்

இரண்டாவது பாட்டிலில் இன்னும் முக்கால் பங்கு இருந்தது. வயிறு முட்ட முட்டத் தண்ணீர் குடித்தால்தான் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம், அரைகுறையாக உள்ளே போனால் டாக்டரம்மா திட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். கோகிலவாணி ஒரு மடக்குக் குடித்தாள், மூடியைத் திருகினாள், திரும்பவும் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளைக் கட்டியவன், நல்லசிவம், அவளுடைய ஃபைலை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த ஃபைல் அவன் மடியில்தான் இருக்கும், டாக்டர் எது கேட்டாலும் அவன்தான் பதில் சொல்வான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள். "பையக் குடி அம்முணி, அவசரமில்லை" என்றான். அம்முணியாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து அவள் மனசுக்குள் அவர் என்பது அவன் ஆகிவிட்டது, வாய்தான் இன்னும் பழைய பழக்கத்தில் வாங்க போங்க என்று ஓடிக்கொண்டிருந்தது. "சரிங்க" என்றாள். கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள் ஜிப்பில் அந்தச் சாம்பல் நிறப் பொட்டலம் இருந்தது. இந்தத் தண்ணீர் தீரும்வரை அவனுக்கு டயம். அதற்குள் அவனாக வாயைத் திறந்து சொன்னால் ஒரு மாதிரி, சொல்லாவிட்டால் வேறு மாதிரி. என்ன மாதிரி என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. நாலு நாளாகச் சோறு இறங்காதவளுக்கு அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது.

எதிர் வரிசையில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி குடிக்க முடியாமல் குடித்துவிட்டுக் காலைக் காலின்மேல் போட்டு நெளிந்தாள். அவளோடு மாமியார்தான் வந்திருந்தாள், புருஷனைக் காணோம். அந்த மாமியார் நல்லசிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டு மருமகளிடம் ஏதோ சொன்னாள், என்ன சொல்லியிருப்பாள் என்று கோகிலவாணிக்குத் தெரியும். பாரு, கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறான், இப்படி ஒரு மகராசன் யாருக்குக் கிடைப்பான். ஊரில் எல்லாரும் சொல்வதுதான். திருச்செங்கோட்டில் அவர்கள் தெருவில் நல்லசிவத்துக்கு இருக்கிற பேர் கோயில் தர்மகர்த்தாவுக்குக் கூடக் கிடையாது. வருஷத்தில் எட்டு மாசம் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், மத்தியப்பிரதேசம் என்று போய் ஊரான் காட்டில் போர்வெல் போட்டுவிட்டு, அங்கே மழை பிடித்ததும் வீடு திரும்புகிற ஆள். திரும்பி வந்தால் சும்மா இருப்பானா, பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவான். வேறொருத்தனாக இருந்தால் இந்நேரம் இரண்டாவது கட்டியிருப்பான் என்று அவளுடைய அம்மாவே சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மாவே! ஒரு தடவை அத்தை வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சனத்தின் முன்னால் வைத்து, "என்ற மவன் நட்டது பட்ட மரம்" என்று சொன்னபோது இவன் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, "அவள ஒண்ணும் சொல்லாதம்மா, அவ என்ன பண்ணுவா, யாரு செஞ்ச பாவமோ" என்றான். யார் செய்த பாவமோ! அன்றைக்கு அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது துக்கத்தில் அல்ல, சந்தோஷத்தில். இப்படிப்பட்டவனுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்க முடியவில்லையே என்று தன் அடிவயிற்றில் தானே இரண்டு குத்து விட்டுக்கொண்டாள். அந்தக் குத்தைத்தான் இப்போது அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாவம், அந்த வயிறு என்ன பண்ணியது.

குடி. இன்னொரு மடக்கு. தொண்டையில் நிற்கிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கணும் என்பார்கள், இங்கே தின்றது அவன், குடிக்கிறது நான். சிரிப்பு வந்தது, சிரித்தால் அடிவயிறு இடித்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் சோன்மதி வராமல் இருந்திருந்தால்? பின்வீட்டு லைனில் குடியிருக்கிற சத்தீஸ்கர்க்காரி, ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று மாத்திரை கேட்டு வந்தாள். கோகிலவாணி சமையலறை மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். மாத்திரை, தைலம், பிளாஸ்திரி எல்லாம் அதில்தான். கிண்டும்போது அடியில் கிடந்த சாம்பல் பொட்டலம் மேலே வந்தது. முழுசாகப் பிரிக்காத பொட்டலம், பேனாவால் இந்தியில் இரண்டு வரி, கீழே ஒரு கோடு. அந்த வீட்டில் இந்தி படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது, அவனுக்கே பேச வரும், படிக்க வராது. சோன்மதி எட்டாவது வரை படித்தவள். எடுத்துப் பார்த்தாள், உதட்டை அசைத்துப் படித்தாள், பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இது உன் மருந்து. ஏன் நீ சாப்பிடல?" என்றாள். என்ன மருந்து என்று கேட்டதற்கு, "பொஞ்சாதிக்குன்னு எழுதிருக்கு அக்கா. புருசன் ஒரு பொட்டலம், பொஞ்சாதி ஒரு பொட்டலம். ரெண்டு பேரும் ஒரே நாள் சாப்பிடணும்." அதற்குமேல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. மில்லிலே லாரியிலே வேலை செய்கிறவனைக் கட்டியவளுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும். குழந்தைக்கு அரை மாத்திரை வாங்கிக்கொண்டு, கோகிலவாணியின் கையை ஒரு நொடி பிடித்துவிட்டுப் போனாள்.

தெருவிலேயே மெடிக்கல் இருந்தும் கோகிலவாணி அங்கே போகாமல் பொட்டலத்தோடு பஸ் ஏறிச் சங்ககிரிக்குப் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. கடையில் இருந்த பெண்பிள்ளை பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது வெட்டை நோய்க் கிருமிக்கு ஜி.எச்.ல குடுக்கறதுங்க்கா. ஆம்பளைக்கு வந்தா நீர்க்கடுப்பு, சீழு, உடனே தெரிஞ்சுரும். பொம்பளைக்கு வெளிய அவ்வளவாத் தெரியாது, உள்ள போயிக் கருக்குழாய அடைச்சுரும். அதனாலதான் ரெண்டு பேத்துக்கும் சேர்த்துக் குடுக்கறது." நிறுத்திவிட்டு, "இது டேட் முடிஞ்சு மூணு வருசம் ஆச்சேங்க்கா. யாருக்குங்க?" என்றாள். தெரிந்தவளுக்கு என்றாள் கோகிலவாணி. "அப்பவே சாப்பிட்டிருந்தா போயிருக்கும். இப்பவும் டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க, கிருமி உள்ள இருக்குதான்னு டெஸ்ட் பண்ணுவாங்க. இத மட்டும் சாப்பிட வேண்டாம்." தெரிந்தவளிடம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று மறந்துபோய்விட்டது. மூன்று திருச்செங்கோட்டு பஸ் போன பிறகுதான் நாலாவதில் ஏறினாள்.

அவன் செருமினான். அவள் சட்டென்று திரும்பினாள், சொல்லப்போகிறானோ. "ஃபேன் இங்க காத்தே வரல பாரு" என்றான். ஆமாங்க என்றாள். அவன் போனதை, யாரோ ஒருத்தியிடம் எங்கேயோ ஒரு நாள் போனதை, இந்த நாலு நாளில் அவள் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். கல்லைத் தின்றதுபோலத்தான் இருந்தது, ஆனாலும் விழுங்கிவிட்டாள். எட்டு மாசம், காடு, லாரிக்குக் கீழே படுக்கை, கூடப் போகிறவன் எல்லாம் போகிறான், ரிக்குக்குப் போகிற ஆம்பளைகளைக் கட்டிய எந்தப் பொம்பளையும் இதை நினைக்காமல் இருந்ததில்லை, நினைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். நோவு வந்தது, போய்க் காட்டினான், மருந்து வாங்கினான், அதுவரைக்கும் சரி. தன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு இவளுடையதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தானே, அந்த இடத்தில்தான் மனசு மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. கொடுத்திருக்கலாம். கொடுக்கவும் இல்லை. அஞ்சு வருஷத்துக்கு முந்திய ஆடி மாசம், பையைத் துவைக்க எடுத்தவள் வண்டி ரசீதுகளுக்கு நடுவில் பொட்டலத்தைப் பார்த்து, இது என்னங்க என்று கேட்டாள். அவன் முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தான், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மலேரியா மாத்திரை. காட்டுல எல்லாத்துக்கும் குடுத்தாங்க. வெய்யி, ஆகும்" என்றான். அவள்தான் வைத்தாள். தன் கையால், பத்திரமாக, பிஸ்கட் டப்பாவுக்குள். அஞ்சு வருஷம் அவள் உப்பு எடுக்கிற, மிளகு எடுக்கிற தட்டுக்கு மேல் தட்டில் அவளுக்கான மருந்து அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது.

அந்த ஐப்பசியில்தான் வெள்ளைப்பட ஆரம்பித்தது. மஞ்சளாக, வாடையோடு. இடுப்பு கழன்று விழுகிறாற்போல வலி, அடிவயிற்றைத் தொட்டாலே வலி. யாரிடம் சொல்வது? உடம்புச் சூடு என்றாள் அத்தை. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், தினம் இளநீர் குடித்தாள், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். ராயப்பூர் பக்கம் இருந்தவனிடம் போனில் கூச்சத்தை விட்டுச் சொன்னபோது, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அலோ அலோ என்று கத்தினாள். பிறகு அவன், "சூடுதான், மோர் குடி" என்றான். சிக்னல் போகவில்லை, இப்போது தெரிகிறது, அந்த அலோ அலோவுக்கு நடுவில் அவன் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மோருக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அவளும் குடித்தாள். மோர், இளநீர், வெந்தயத் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரித் தண்ணீர், கட்டிக்கொண்ட நாளாய் எவன் எதைக் குடி என்றாலும் குடித்துக்கொண்டேதான் இருக்கிறாள். மருந்தைப் பீய்ச்சி எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு குழாயும் அடைப்பு என்று வந்தது. அந்த டேபிளில் அவள் வலியில் கத்தியது வெளியே வரைக்கும் கேட்டதாம், வெளியே நின்றவன் கண் கலங்கிவிட்டதாம், நர்ஸ் வந்து சொன்னாள், நீங்க குடுத்து வெச்சவங்க என்று. போன மாசம் இந்த டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "குழாயில தண்ணி கோத்திருக்கு, அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ரெண்டையும் எடுத்துட்டுத்தான் டெஸ்ட் டியூபுக்குப் போகணும்" என்றபோது, இவன் சிரித்துக்கொண்டே, "எங்க தொழில்ல தண்ணி கண்டாத்தானுங்க மேடம் சந்தோசம்" என்றான். டாக்டரம்மாவும் சிரித்தார். இவளும் சிரித்தாள். அறுநூறு அடிக்குக் கீழே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று மேலே பறக்கிற புழுதியை விரலில் தேய்த்தே சொல்லிவிடுவான், அவ்வளவு கைப்பக்குவம்.

அதே நாளில்தான் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு, ஃபைலைப் பார்த்தபடி, "முன்னாடி உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது கிருமித் தொற்று, வெட்டை மாதிரி ஏதாச்சும் வந்து ட்ரீட்மெண்ட் எடுத்திருக்கீங்களா?" அவள் யோசிப்பதற்குள், இந்த வெள்ளைப்பட்டதைச் சொல்லலாமா, அது தொற்றில் சேருமா என்று அவள் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து "இல்லைங்க மேடம், எங்களுக்கு அப்பிடி எதும் இல்லைங்க" என்று பதில் வந்துவிட்டது. எங்களுக்கு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள், இவன் அதைப் பொண்டாட்டியின் இலையில் அல்லவா மறைத்தான். டாக்டரம்மா இல்லை என்று எழுதிக்கொண்டார். அது ஃபைலில் இருக்கிறது, அவன் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிற அந்த ஃபைலில். இன்றைக்கு ஸ்கேனில் தண்ணீர் வற்றவில்லை என்றால் அவள் வயிற்றைத் திறந்து இரண்டு குழாயையும் எடுத்துவிடுவார்கள். அப்போதும் இல்லை என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே கிருமி இன்னும் இருந்தாலும் இல்லை என்றுதான்.

பாட்டிலில் கால்வாசிக்கும் கீழே. சிறுநீர்ப்பை இறுகிக் கல்லாகிவிட்டது, மூச்சு விட்டால்கூட வலித்தது. அவனுக்கு ஒரு பிடி கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தாள், வழுக்குகிறவனுக்குக் கை நீட்டுகிற மாதிரி. "ஏனுங்க, இந்த அடைப்பு எதனால வந்திருக்குமுங்க?" "ஆரு கண்டா." "டாக்டரம்மா இன்னிக்கும் அந்தக் கிருமியப் பத்திக் கேட்டாங்கன்னா?" அவன் கை ஃபைலின்மேல் ஒருமுறை அசைந்தது. "நாஞ் சொல்லிக்கறேன். நீ எதும் பேசாத. டென்சன் ஆவாத, டென்சன் ஆனா ரிசல்ட் நல்லா வராதுன்னு யூடியூப்ல சொன்னாங்க." அவ்வளவு அக்கறை. அப்படியே அன்றைக்குப் போல. ஆமாம், அன்றைக்கு! இத்தனை நாளாக அதை எப்படி நினைக்காமல் போனாள்? அவன் ஊரில் இருந்த மறு ஆடியில், மத்தியானம் நல்ல வெயிலில் அவளுக்குக் குளிர் காய்ச்சல், பல் கிட்டியது. டப்பாவைத் திறந்தவள் கையில் அந்தச் சாம்பல் பொட்டலம் வந்தது, மலேரியா மாத்திரைதானே, குளிர் காய்ச்சலுக்கு அதுதான் சரி என்று ஓரத்தைக் கிழிக்கப் போனாள். ஓரம் கொஞ்சம் கிழிந்தும்விட்டது, இப்போதும் அந்தக் கிழிசல் இருக்கிறது. கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்தான். "அது வேண்டாம் அம்முணி, அது நெம்பப் பவரு, நீ தாங்க மாட்டே" என்றான். தன் கையாலேயே பாராசிட்டமால் பிரித்து, தண்ணீர் மொண்டு கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தெரியாமல் தின்றிருப்பாளே! அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்திருக்காது, தலைகுனிய வேண்டியிருந்திருக்காது, சும்மா படுத்திருந்தால் போதும், மருந்து உள்ளே போயிருக்கும். வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் பொட்டலத்தை எவனாவது படித்துவிடுவான் என்று பயந்திருக்கிறான். அவள் குழாய் எக்கேடு கெட்டாலும் அவன் பேர் கெடக் கூடாது. அப்படித்தான் இருக்க வேண்டும், வேறு எப்படி யோசித்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. அன்றைக்கு நெற்றியைத் தொட்ட கையை அவள் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள். ஐயோ, எப்பேர்ப்பட்ட மடச்சி.

"கோகிலவாணி! யாருங்க கோகிலவாணி? யூரின் முட்டிருச்சுங்களா?" நர்ஸ் கதவைப் பாதி திறந்துகொண்டு கேட்டாள். கடைசி மடக்கு உள்ளே போனது. "முட்டிருச்சுங்க" என்று எழுந்தாள், நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அவனும் வழக்கம்போல ஃபைலோடு எழுந்தான். "அதைக் குடுங்க, நானே கொண்டுபோறனுங்க" என்றாள். "உனக்கு எதுக்கு, நடக்கவே முடியாம..." "குடுங்க." ஃபைலை அவன் கையிலிருந்து இழுக்கத்தான் வேண்டியிருந்தது. காலிப் பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து, உள் ஜிப்பை இழுத்து, பொட்டலத்தை எடுத்துக் கிழிசல் ஓரம் மேலே தெரிய அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இதுல பொஞ்சாதிக்குன்னு எழுதியிருக்குதாமுங்க. உங்க கையில குடுத்துவிட்டது. எனக்கு இன்னும் வந்து சேரல." பச்சைச் சேலைக்காரியின் மாமியார் இன்னும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை, பிறகு காது மடல் சிவந்தது, கை தானாக மூடிக்கொண்டு சட்டைப்பைக்குப் போனது. இப்போதாவது. ஒரு வார்த்தை. தப்புப் பண்ணிட்டேன் என்று வேண்டாம், கோகிலா என்று கூப்பிட்டால்கூடப் போதும், அவள் இந்த வலியோடு இங்கேயே நிற்பாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே குனிந்தான். "எவ சொன்னா உனக்கு?" என்றான்.

அவள் ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனாள், கதவு பின்னால் சாத்திக்கொண்டது. ஏசிக் குளிரில் படுக்கையில் ஏறிப் படுத்ததும் வயிறு மேலே எழும்பி நின்றது, ஏழாம் மாசக்காரி மாதிரி. அதைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள், இந்தத் தடவை வயிற்றைக் குத்தவில்லை, மேலே கையை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஜெல்லைப் பிதுக்கினார். "கையை எடுங்க. ஏன் அழறீங்க, இன்னும் பார்க்கவே இல்லியே? வீட்டுக்காரர் எங்க? கூப்பிடும்மா அவரை, அவருகிட்டதான் எல்லாம் சொல்லணும்" என்றார் நர்ஸிடம்.

"வேண்டாங்க மேடம்" என்றாள் கோகிலவாணி. மார்மேல் கிடந்த ஃபைலை எடுத்து நீட்டினாள். "போன தடவ அவருகிட்ட ஒரு கேள்வி கேட்டு இல்லைன்னு எழுதிக்கிட்டீங்க. அத அடிச்சுப் போட்டு, என்னையக் கேளுங்க."